மேலே ஒரு பெயர், உள்ளே ஒரு பெயர்: வன்னி வீடொன்றில் இருந்த மிஷன் காலக் குடும்பக் கடிதங்கள்

பின்னணி

இரணைமடு வாய்க்கால் பாயும் குடியேற்றக் கிராமம் ஒன்றில் உள்ள வீடு அது. குடும்பத்தின் பூர்வீகம் வட்டுக்கோட்டைப் பக்கம். ஐம்பதுகளில் காணி கிடைத்து வன்னிக்கு வந்தவர்கள். வரும்போது கொண்டுவந்த சாமான்களில் பழைய கடிதக்கட்டு ஒன்றும் இருந்தது. அது இப்போது எண்பது வயதைத் தாண்டிய ஒரு ஆச்சியின் பொறுப்பில், ஒரு பிஸ்கற் ரின்னுக்குள் இருக்கிறது.

1996இல் கிளிநொச்சியை விட்டு ஓடியபோது ஆச்சி கடிதக்கட்டை அப்படியே தூக்கிக்கொண்டு போயிருக்கிறார். 2009 தையில், போரின் கடைசி மாதங்களில், மறுபடியும் வெளிக்கிட வேண்டி வந்தது. அந்தமுறை முழுவதையும் கொண்டுபோக மனம் வரவில்லை. ஒரு பங்கைக் காணி உறுதி, பிறப்பத்தாட்சிப் பத்திரங்கள் இருந்த பையில் வைத்தார். மற்றப் பங்கைப் பொலித்தீனில் சுற்றி, றங்குப்பெட்டிக்குள் போட்டு, வளவில் புதைத்தார்கள். பை மாத்தளனையும் மெனிக் பாம் முகாமையும் கண்டு திரும்பி வந்தது. புதைத்த பெட்டியைத் தோண்டி எடுத்தபோது உள்ளே கறையான் மண்தான் கூடுதலாக இருந்தது. இன்று மிஞ்சியிருப்பவை 34 தாள்கள். அவற்றில் 27 கடிதங்கள். மிச்சம் பற்றுச்சீட்டுகளும், எல்லாவற்றையும் சுற்றியிருந்த, மிஷன் பத்திரிகையான உதயதாரகையின் பக்கம் ஒன்றும்.

நான் ஓய்வுபெற்ற ஆசிரியர். இளம் ஆட்கள் இருவருடன் சேர்ந்து, வீடுகளில் உள்ள பழைய கடதாசிகளைப் படமெடுத்துப் பட்டியலிடுகிற வேலையைச் சில வருடங்களாகச் செய்கிறேன். சம்பளம் இல்லாத வேலை. இந்தக் குடும்பத்தின் பேரன் 2022 ஆனியில் தொலைபேசியில் கூப்பிட்டார். அப்போது பெற்றோல் இல்லை. மோட்டார் சைக்கிளை வரிசையில் விட்டுவிட்டுக் காத்திருந்த காலம். புரட்டாதியில்தான் போக முடிந்தது. அந்த இடைவெளியில் நடந்த ஒரு காரியம் பின்னால் பெரிய தலைவலியாயிற்று. அதை அந்த இடத்தில் சொல்கிறேன்.

குடும்பத்தில் வழிவழியாக வந்த கதை இதுதான்: அந்தக் காலத்தில் ஒரு வெள்ளைக்காரப் பாதிரியார் எங்கள் முன்னோர் வீட்டில் தங்கியிருந்தார், இவை அவருக்கு வந்த கடிதங்கள், அவர் விட்டுப்போனதை நாங்கள் பாதுகாத்து வருகிறோம். ரொறன்ரோவில் இருக்கும் மற்றொரு பேரன் இதை நம்பி, அந்தப் பாதிரியாரின் சந்ததியை அமெரிக்காவில் தேடத் தொடங்கியிருந்தார்.

முதல் நாள் கண்டவை

கடிதங்களுக்கு உறை இல்லை. ஒரே தாளில் எழுதி, மடித்து, மடிப்பை அரக்கால் ஒட்டி, வெளிப்பக்கத்திலேயே விலாசம் எழுதியிருந்தது. அந்தக் காலத்து வழக்கமே அதுதான். விலாசம் ஆங்கிலத்தில் இருந்தது. பெயரும் சுத்தமான ஆங்கிலப் பெயர், முதற்பெயரும் குடும்பப்பெயருமாக. ஊர் சில கடிதங்களில் திருமங்கலம், சிலவற்றில் பசுமலை. இரண்டும் மதுரைக்குப் பக்கத்தில் உள்ளவை.

இடம் கதைக்குப் பொருந்தியது. 1816இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன்தான் 1834இல் மதுரையில் கிளை தொடங்கியது. போனவர்கள் யாழ்ப்பாணத்தில் ஏற்கெனவே வேலை செய்தவர்கள். திருமங்கலத்தில் நடந்த அவர்களின் பாடசாலை 1845இல் பசுமலைக்கு மாறியது. ஆகவே மதுரை மிஷனில் வேலை செய்த ஒரு அமெரிக்கருக்கு வந்த கடிதங்கள் வட்டுக்கோட்டை வீடொன்றில் கிடந்திருக்கலாம் என்று நாங்களும் தலையாட்டினோம்.

தாள் தடித்தது, லேசாக நீலம் பாய்ந்தது. மை கடுக்காய் மை மாதிரி இரும்புச் சத்துள்ளது. கறுப்பு இப்போது மண்ணிறமாகி, அழுத்தி எழுதிய இடங்களில் தாளையே அரித்திருந்தது. பல கடிதங்கள் மடிப்பில் விட்டுப்போகிற நிலையில் இருந்தன. குண்டூசி குத்திய இடங்களில் துருவட்டம். நாலு தாள்களில் எண்ணெய் ஊறியது போன்ற மஞ்சள் கறை. ரின்னுக்குள் பூச்சி உருண்டை நிறைய.

இரண்டு கடிதங்கள் பளபளத்தன. பேரன் பெற்றோல் இல்லாத அந்த மாதங்களில், நல்லெண்ணத்தோடு, ரவுணில் ஒரு கடைக்குக் கொண்டுபோய் லமினேற் செய்திருந்தார். நல்ல நிலையில் இருந்த இரண்டைத் தெரிந்து செய்ததுதான் கவலை. சூட்டில் உருகிய பசை தாளின் நாருக்குள் போய்விட்டது. பிரிக்கப் போனால் மேல்தோலும் மையும் அதோடு வரும். அதைத் தொடுவதில்லை என்று அன்றே முடிவெடுத்தோம். பேரனைக் குறை சொல்லவில்லை. தேசிய அடையாள அட்டையிலிருந்து சான்றிதழ் வரை லமினேற் பண்ணித்தான் பத்திரப்படுத்தும் ஊர் இது. அந்தப் பழக்கத்துக்கும் காரணம் உண்டு: நனையாமல் ஓடவேண்டியிருந்தது.

எடுத்த முடிவுகள், விட்ட பிழை

முதலாவது முடிவு, மடிப்பு விறைத்த கடிதங்களை அன்று திறப்பதில்லை. இரண்டாவது, எதையும் வீட்டை விட்டு எடுத்துச் செல்வதில்லை. இரண்டு இடப்பெயர்வில் காத்த பொருளை எங்கள் கையில் தரும்படி ஆச்சியைக் கேட்க எங்களுக்கு வாய் வரவில்லை. ஜன்னலோரம் வெள்ளைச் சீலை விரித்து, பக்கவாட்டு வெளிச்சத்தில், தொலைபேசிக் கமராவை முக்காலி நிறுத்தியில் பூட்டிப் படமெடுத்தோம். குண்டூசிகளைக் கழற்றினோம். பூச்சி உருண்டையை அகற்றினோம்.

பிழை எங்கே என்றால், பட்டியலில். உள்ளே வாசிக்காமலே, வெளிப்பெயரையும் குடும்பக் கதையையும் வைத்து, கட்டின் தலைப்பை ‘அமெரிக்கப் பாதிரியார் ஒருவருக்கு வந்த கடிதங்கள்’ என்று எழுதினோம். அந்தத் தலைப்போடு படங்கள் வட்ஸ்அப்பில் ரொறன்ரோவுக்குப் போயின. அங்கிருந்து யாருக்கெல்லாமோ போயின. ஒரு வாரத்துக்குள் முத்திரை சேகரிப்பவர் ஒருவர் விலை கேட்டார். முத்திரை ஒன்றும் இல்லை என்றதும் போனை வைத்துவிட்டார். முத்திரை எப்படி இருக்கும்? இந்தியாவில் பொதுத் தபால்முத்திரை வந்தது 1854இல், இலங்கையில் 1857இல். இந்தக் கடிதங்களில் பெரும்பாலானவை அதற்கு முந்தியவை. தோணிக்காரர் கையிலும் மிஷன் ஆட்கள் கையிலும் கொடுத்தனுப்பப்பட்டவை. ஆனால் அப்போது அந்த ஆண்டுக்கணக்கும் எங்களுக்குத் தெரியாது.

எழுத்தை வாசித்தல்

கார்த்திகையில் மறுபடி போனோம். மழைக்காலத்தில் போனதற்குக் காரணம் உண்டு. ஆடி ஆவணிக் காய்ச்சலில் அப்பளம் மாதிரி முறிகிற தாள், மாரிக் காற்றின் ஈரத்தில் கொஞ்சம் இளகிக் கொடுக்கும். தண்ணீர் தெளித்து இளக்கக் கூடாது. இந்த வகை மை நனைந்தால் அரிப்பு பக்கத்துக்கும் பரவும். அறைக்குள் விரித்து வைத்து ஒருநாள் விட்டாலே போதுமாக இருந்தது. அப்படியிருந்தும், அவசரப்பட்டு நான் திறந்த ஒரு கடிதம் நடு மடிப்பில் இரண்டாயிற்று. அதைப் பட்டியலில் என் பெயரோடு பதிந்திருக்கிறோம்.

உள்ளே எல்லாம் தமிழ். ஆனால் வாசிப்பது லேசாக இல்லை. மெய்யெழுத்துக்குப் புள்ளி கிடையாது. காலும் ரகரமும் ஒரே கோடு. எகர ஏகாரமும் ஒகர ஓகாரமும் பிரிவதில்லை. சொல்லுக்கும் சொல்லுக்கும் இடைவெளி இல்லை. நாள், மாதம், வருடம், மேற்படி எல்லாவற்றுக்கும் ௳, ௴, ௵, ௸ என்ற குறிகள். எண்கள் பழைய தமிழ் எண்கள். எங்களில் இளையவர் முதல் தாளின் தலையில் இருந்த ‘உ’வைக் கண்டு, தமிழ் எண் இரண்டு என்று எடுத்து, ‘2ஆம் கடிதம்’ என்று குறித்தார். அடுத்த தாளின் தலையிலும் 2. அதற்கடுத்ததிலும் 2. எல்லாமே இரண்டாம் கடிதமாக இருக்க முடியாதே என்று நாங்கள் முழித்துக்கொண்டிருக்க, தேத்தண்ணி கொண்டுவந்த ஆச்சி எட்டிப் பார்த்தார்.

“உது நம்பர் இல்லை, மோனை. உது பிள்ளையார் சுழி.”

ஆச்சி பிறந்ததிலிருந்து வேதக்காரர், அதாவது கிறிஸ்தவர். ஆனாலும் சுழி தெரியாத யாழ்ப்பாணத்து ஆள் யார்? அந்த ஒரு வசனத்தோடு எங்கள் தலைப்பு ஆட்டம் கண்டது. பாதிரியாருக்கு எழுதுகிற சபையார் தலையில் பிள்ளையார் சுழி போட்டு எழுதுவார்களா? அதற்குக் கீழே பார்த்தோம். கடிதம் ‘சிரஞ்சீவி’ என்று தொடங்கியது. வயதில் இளைய, சொந்தப் பிள்ளைக்கு எழுதுகிற விளிப்பு அது. மிஷனரிமாரை அந்தக் காலத்தில் ‘ஐயர்’ என்றுதான் அழைத்தார்கள்: பூர் ஐயர், ஸ்போல்டிங் ஐயர். எவரும் ஸ்போல்டிங் ஐயரைச் ‘சிரஞ்சீவி’ என்று கூப்பிட்டிருக்க மாட்டார்கள். சிரஞ்சீவிக்குப் பின்னால் இருந்தது ஒரு சைவத் தமிழ்ப் பெயர்.

இரண்டு பெயர், ஒரு ஆள்

விடை பற்றுச்சீட்டில் இருந்தது. மிஷன் சம்பளம் பெற்றதற்கான சீட்டொன்றில் அதே ஆங்கிலப் பெயரும், அதற்குக் கீழே அதே தமிழ்ப் பெயரில் கையொப்பமும் இருந்தன. வெள்ளைக்காரப் பாதிரியார் என்று ஒருவர் அந்த வீட்டில் இருந்ததே இல்லை. அவர் இந்தக் குடும்பத்தின் முன்னோர்தான்.

விஷயம் தெரிந்தவர்களுக்கு இது வியப்பாக இராது. அமெரிக்க மிஷன் பாடசாலைகளில் ஒரு பிள்ளையின் செலவை ஏற்கும் அமெரிக்கக் கொடையாளர், அந்தப் பிள்ளைக்குப் பெயர் சொல்லலாம். கொடையாளரின் பெயரோ, அவர் மதித்த போதகரின் பெயரோ வட்டுக்கோட்டைப் பையன் ஒருவனின் பெயராகிவிடும். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகள் இருவரில் ஒருவரான விசுவநாதபிள்ளை ‘கரோல்’ ஆனது மிஷனின் உயர் பாடசாலையான வட்டுக்கோட்டைச் செமினரியில்தான். பையன் வளர்ந்து வேலைக்குப் போனால் மிஷன் பதிவேட்டில் அந்தப் பெயரே ஓடும். வீட்டில் தகப்பன் வைத்த பெயர் ஓடும். கடிதத்தின் வெளிப்புறம் மிஷனுக்கு, உட்புறம் வீட்டுக்கு.

செமினரியில் படித்து முடித்த இந்த ஆளை மிஷன் மதுரைக்கு ஆசிரியராக அனுப்பியிருக்கிறது. திரும்பி வந்தபோது, தனக்கு வந்த கடிதங்களைக் கட்டிக்கொண்டு வந்திருக்கிறார். அது மகளுக்கு வந்து, மகள் வழியில் ஆச்சி வரை வந்தது. எந்தத் தலைமுறையிலோ பழைய எழுத்தை வாசிக்கிறவர் இல்லாமல் போக, வெளியே இருந்த ஆங்கிலப் பெயர் மட்டும் வாசிக்கப்பட்டு, பெயருக்கு ஏற்ற வெள்ளைக்காரர் ஒருவர் உருவாகிவிட்டார்.

காலத்தைக் கணிப்பதிலும் ஒரு தடக்கல். தேதிகள் தமிழ் வருடப் பெயரில் இருந்தன. அறுபது வருடத்துக்கு ஒருமுறை அதே பெயர் திரும்பும். ‘கீலக’ என்றால் 1848-49ஆகவும் இருக்கலாம், 1908-09ஆகவும் இருக்கலாம். இதைத் தீர்த்தது ‘இராட்சத’ வருடம் ஐப்பசியில் எழுதிய கடிதம். செமினரியை மூடிவிட்டார்கள், உன் தம்பியை இனி எங்கே இங்கிலீசு படிக்க விடுவது என்று தகப்பன் அதில் கவலைப்படுகிறார். பொஸ்ரனில் இருந்த மிஷன் சங்கத்தின் செயலாளர் அன்டர்சனின் தூதுக்குழு வந்துபோனதை அடுத்துச் செமினரி மூடப்பட்டது 1855இல். இராட்சத வருடம் 1855-56. மற்றவை அதிலிருந்து கோவையாக விழுந்தன.

மகனை வேதத்துக்கு இழுத்துக்கொண்ட அதே செமினரி மூடப்பட்டதற்கு அந்தச் சைவத் தகப்பன் வருந்துகிறார். இளைய மகனையும் அங்கேதான் விட நினைத்திருந்தார். அந்தக் காலத்து வலிகாமம் மேற்கைப் பற்றி எத்தனையோ வாசித்திருக்கிறேன். இந்த ஒரு கவலை சொன்ன அளவு எதுவும் எனக்குச் சொல்லவில்லை.

தகப்பன் எழுதியதும் மகன் எழுதியதும்

குடும்பத்தாரின் விருப்பப்படி கடித வாசகத்தை இங்கே தரவில்லை. பொருளை மட்டும் சொல்கிறேன்.

எழுதியது தகப்பன். பிற்காலத்தில் கை நடுங்க, இளைய மகனிடம் சொல்லி எழுதுவித்திருக்கிறார். எழுத்து மாறுவதில் அது தெரிகிறது. கடைசி இரண்டு வரி எப்போதும் தாயின் செய்தி. பனாட்டு (காயவைத்த பனம்பழக் களி) கட்டியனுப்பிய விவரம், புழுக்கொடியல் (அவித்துக் காயவைத்த பனங்கிழங்கு) வண்டு பிடிக்காமல் வந்ததா என்ற கேள்வி, மதுரைச் சேலை வந்து சேர்ந்த சந்தோஷம். நாலு தாளில் இருந்த மஞ்சள் கறையைத் துடைத்துப் பார்க்கலாமா என்று முதல் நாள் யோசித்தோம். நல்லவேளை துடைக்கவில்லை. பனாட்டுப் பொதிக்குள் கடிதத்தை வைத்து அனுப்பியதாக ஒரு கடிதமே சொல்கிறது. கறையும் கடிதத்தின் ஒரு பகுதிதான்.

ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் எழுதியவை மிகக் குறைவு. மாரியில் தோணி ஓடாது. இராட்சத வருடத்து ஐப்பசிக் கடிதமும் எழுதி வைத்துத் தையில் போனது என்று அதன் ஓரத்தில் குறிப்பிருக்கிறது. ஊரில் கோதாரி, அதாவது வாந்திபேதி, பரவிய ஒரு காலத்தில் அடுத்தடுத்து மூன்று கடிதங்கள், ஒவ்வொன்றும் ஆறேழு வரி, யார் யார் போனார்கள் என்ற பெயர்கள் மட்டும். இன்று நாங்கள் திட்டுவதற்குப் பாவிக்கும் சொல் அந்தத் தாளில் ஒரு வியாதியின் பெயராக நிற்பதை இளையவர்கள் இருவரும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வன்னியும் ஒரு கடிதத்தில் வருகிறது. நெல் வாங்க வன்னிக்குப் போன மாமன் காய்ச்சலோடு திரும்பினான், அந்தப் பக்கம் மனிதர் இருக்கிற இடமல்ல என்று. ஆச்சிக்கு வாசித்துக் காட்டினோம். “அந்த மனிசன் இப்ப வந்து பாக்கோணும்” என்று சிரித்தார்.

மகன் வீட்டுக்கு எழுதிய கடிதங்கள் இந்தக் கட்டில் இல்லை. இருக்கவும் முடியாது. அவை போய்ச் சேர்ந்தது வட்டுக்கோட்டை வீட்டுக்கு. ஒரு கட்டில் இருப்பது எப்போதும் எதிர்ப்பக்கத்தின் குரல் என்பது சொன்னால் சாதாரணம். ஆனால் கட்டைக் கையில் வைத்துக்கொண்டு, இது கட்டின் சொந்தக்காரர் பேசுவது என்று நினைத்துவிடுவது மிக எளிது. நல்லகாலம், தகப்பன் ஒழுங்கான ஆள். ‘நீ எழுதியபடி’ என்று மகன் கேட்டதைத் திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் பதில் எழுதுவார். அந்த வரிகளை மட்டும் தனியே எடுத்து அடுக்கினோம். மகன் என்ன கேட்டுக்கொண்டிருந்தார் என்று ஓரளவு தெரிந்தது. அதிகம் கேட்டது தாயின் கண்ணைப் பற்றி. மானிப்பாயில் வெள்ளைக்கார வைத்தியரிடம் காட்டும்படி திரும்பத் திரும்ப எழுதியிருக்கிறார். அது மிஷனின் கிறீன் வைத்தியர், அவர் யாழ்ப்பாணம் வந்தது 1847இல். தகப்பன் இரண்டு வருடம் சாட்டுச் சொல்லிவிட்டு, பிறகு கூட்டிக்கொண்டு போயிருக்கிறார். கண் தெரிந்ததா என்பதைச் சொல்லும் கடிதம் கறையானுக்குப் போயிற்று.

இங்கே ஒரு ஒப்பீடு. அமெரிக்க மிஷனரிமாரும் இதற்கு முன்னும் இதே ஆண்டுகளிலும் வீட்டுக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார்கள். முதல் குழு 1815 ஐப்பசியில் நியூபரிபோர்ட்டில் கப்பலேறி, 1816 பங்குனியில்தான் கொழும்பில் இறங்கியது. கடிதமும் அதே கப்பலில் அதே ஐந்து மாதம் வந்தது. உடுவிலில் இருந்த ஹரியற் வின்ஸ்லோவின் மகனைப் படிப்புக்காக அமெரிக்காவுக்கு அனுப்பினார்கள். பிள்ளை 1832இல் நியூயோர்க்கில் இறந்தான். அவன் இறந்தது தெரியாமலே இங்கே அவனுக்காக ஜெபித்த மாதங்கள் இருந்திருக்கும். அடுத்த தையில் தாயும் போய்விட்டார். அந்தக் குடும்பத்தின் கடிதங்களை இன்று நாம் வாசிக்கலாம். நியூ இங்கிலாந்தில் உறவினர் பத்திரப்படுத்தினார்கள், அச்சிட்டார்கள். கிறீன் வைத்தியரின் கடிதங்களும் அவர் இறந்து ஏழு வருடத்தில், 1891இல், புத்தகமாயின. மிஷன் சங்கத்துக்குப் போனவை ஹார்வர்ட்டில் இருக்கின்றன. அதே மிஷனில், அதே பாடசாலையில் வேலை செய்த தமிழ் ஆசிரியரின் வீட்டுக் கடிதங்கள் மெனிக் பாம் கூடாரத்தில் தலையணைக்குக் கீழே இருந்தன. யாரையும் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. எங்கே தேட வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

பதினேழாவது கடிதம்

இந்த நிகழ்வில் சிக்கலான முடிவு இதுதான்.

பதினேழாவதாக எண்ணிட்ட கடிதத்தில் தகப்பன் இரண்டு விஷயம் எழுதியிருந்தார். மகளின் கலியாணம் பொருந்தியிருக்கிறது. தமையன் வேதத்தில் சேர்ந்தது மாப்பிள்ளை பகுதிக்குப் பிடிக்கவில்லை. ஆகவே நீ அந்த நேரம் ஊருக்கு வராதே. முதுசக் காணியில் உன் பங்கைத் தம்பிக்கு விட்டுக்கொடு. கட்டளையாக இல்லை, கெஞ்சலாகவே எழுதியிருந்தார். அன்றும் தலையில் சுழி இருந்தது. அடியில் தாயின் வரி மட்டும் இல்லை.

தம்பியின் வழியில் வந்தவர்கள் இப்போதும் அந்தக் காணியில் இருக்கிறார்கள். நல்லது கெட்டதுக்கு இரு பகுதியும் வந்து போகிறார்கள். ரொறன்ரோப் பேரன் எல்லாவற்றையும் இணையத்தில் போட வேண்டும், நூற்றி எழுபது வருடத்துக்கு முந்தியதில் யாருக்கு என்ன என்றார். ஆச்சி ஒரே சொல்லில் மறுத்தார்: “செத்தவீட்டுக்கு வாற சனம்.”

எங்களுக்கு மூன்று வழி இருந்தது. எல்லாவற்றையும் வெளியிடுவது, அந்தக் கடிதத்தைப் பட்டியலிலிருந்தே விடுவது, பட்டியலில் வைத்துப் படத்தை மூடி வைப்பது. இரண்டாவதை நான் ஏற்கவில்லை. 27 கடிதம் இருக்க 26 என்று எழுதினால் நாளைக்கு வருகிறவனுக்கு நாங்கள் பொய் சொல்கிறோம். மூன்றாவதைத் தெரிந்தோம்: ‘குடும்ப விஷயம், இரு பகுதியின் சம்மதத்தோடு மட்டும் பார்க்கலாம்’ என்று குறித்தோம். ரொறன்ரோவில் கோபம். வட்ஸ்அப் குழுவிலிருந்து அவர் மூன்று மாதம் விலகியிருந்தார்.

பின்பு நடந்தவை

முதல் வேலை, தவறான தலைப்பைத் திருத்துவது. பட்டியலில் பத்து நிமிட வேலை. வெளியே போன செய்தியைத் திருப்புவதற்கு ஒரு வருடம் போதவில்லை. 2023இன் நடுவிலும் ‘வன்னியில் அமெரிக்கப் பாதிரியாரின் கடிதங்கள்’ என்று ஒருவர் எனக்கே அனுப்பிவைத்தார், நான் எடுத்த படத்தோடு. திருத்தத்தைக் குடும்பத்தார் எல்லோரும் விரும்பினார்கள் என்றும் இல்லை. பாதிரியார் போய் வாத்தியார் வந்ததில் ஒரு மருமகனுக்கு வருத்தமே. ஆச்சிக்கு மட்டும் அன்றிலிருந்து முகத்தில் ஒரு தெளிவு. இத்தனை இடப்பெயர்விலும் காவித் திரிந்தது பிறத்தியாரின் கடிதம் அல்ல என்பது அவருக்குப் போதும்.

2023 ஆவணியில் தம்பி வழியின் மூத்தவர், எழுபதைத் தாண்டியவர், கோயில் திருவிழாவுக்கு வந்த வழியில் வன்னிக்கும் வந்தார். ஆச்சியே கூப்பிட்டிருந்தார். நாங்கள் பதினேழாவதை எடுத்துக் கொடுத்தோம். பெயர்த்தெழுதியதைக் கொடுத்தபோது வேண்டாம் என்றார், மூலத்தைத்தான் பார்த்தார். பழைய எழுத்து அவருக்கு ஓடியது. ஊர்ப் புராண படனத்தில் ஏடு வாசித்துப் பழகியவர். வாசித்து முடித்து, மடித்து வைத்துவிட்டு, ஆச்சி போட்ட சாப்பாட்டைச் சாப்பிட்டார். கடிதத்தைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. ஒரு போட்டோக்கொப்பி மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். ஆறு மாதம் கழித்துத் தொலைபேசியில், பொருளைச் சொல்லலாம், படத்தைப் போட வேண்டாம் என்றார். இங்கே அதைக் குறிப்பிட்டது அந்தச் சம்மதத்தின்பேரில்.

கடிதங்கள் இப்போதும் அதே வீட்டில்தான். ரின்னை மாற்றினோம். துருப்பிடிக்காத மூடியுள்ள பெட்டி, கஞ்சி போகத் துவைத்த பருத்திச் சீலை, ஒவ்வொரு தாளுக்கும் இடையில் வெள்ளைத் தாள். பொலித்தீன் இல்லை. பிஸ்கற் ரின்னை எறிய ஆச்சி விடவில்லை. அதில் இப்போது நூலும் ஊசியும்.

அடுத்தமுறை மாற்றிச் செய்பவை

உள்ளே முதல் வரி வாசிக்கும்வரை எந்தக் கட்டுக்கும் தலைப்பு வைப்பதில்லை. ‘தலைப்பு இல்லை, வாசிக்கப்படவில்லை’ என்று விடுவதில் வெட்கமில்லை. வட்டுக்கோட்டை, தெல்லிப்பழை, உடுவில், மானிப்பாய்ப் பக்கத்துப் பழைய கடதாசிகளில் ஆங்கிலப் பெயர் கண்டால், முதலில் தமிழரென்றே எடுத்துக்கொண்டு தொடங்குகிறோம். வெள்ளைக்காரர் என்றால் அது தானே தெரியவரும்.

திருத்தம் முடியும்வரை படம் வீட்டாரைத் தாண்டிப் போகக் கூடாது என்பதை முதல் நாளே எழுத்தில் கேட்டுக்கொள்கிறோம். வீட்டுக்காரர் தொலைபேசியில் கூப்பிட்ட உடனே, போக நாள் பிடித்தாலும், லமினேற் செய்யாதீர்கள், செலோரேப் ஒட்டாதீர்கள், வெயிலில் காயப்போடாதீர்கள் என்ற மூன்றையும் அப்போதே சொல்லிவிடுகிறோம். பெற்றோல் இல்லாத காலத்திலும் அதைச் சொல்லியிருக்கலாம். சொல்லாதது என் பிழை.

வயதானவர்களை அறைக்கு வெளியே இருத்திவிட்டு நாங்கள் மட்டும் மேசையைச் சுற்றி நிற்பதையும் விட்டுவிட்டோம். சுழியைக் கண்டது ஆச்சி. இப்போது கதிரை முதலில் அவர்களுக்குப் போடப்படுகிறது.

இன்னொன்று பாக்கியிருக்கிறது. சம்மதம் சொன்ன அதே தொலைபேசி அழைப்பில், வைக்கப் போகும் நேரத்தில், தம்பி வழி மூத்தவர் ஒரு தகவல் சொன்னார். அவர்களின் பழைய வீட்டுப் பரணில் ஓலைப்பெட்டி ஒன்று இருக்கிறதாம். கூரை மாற்றியபோது இறக்கி, திறக்காமலே திருப்பி ஏற்றியதாம். உள்ளே கடதாசியா, ஏடா, வெறும் பஞ்சாங்கமா என்று அவருக்கே தெரியாது. பங்குனிக்குப் பிறகு வரச் சொல்லியிருக்கிறார். ஆச்சியும் வருவதாகச் சொல்கிறார்.